ஆரியங்காவுச் சாலை



யூபிலி மலர்களில் ஆலயம் எழும்பிய வரலாற்றை எழுதுவது வழக்கம். அந்த ஆலயத்திற்கு மக்களைக் கொண்டுவந்து சேர்த்த சாலையை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆகவே தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் சாலையைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம்.

மேற்கு மலைத்தொடரில் இயற்கையே திறந்து வைத்த வாசல் ஆரியங்காவுக் கணவாய். குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்று இவ்வழியே நுழைகிறது. சாலையின் மறுமுனையான கொல்லமோ, 1329-ஆம் ஆண்டில் திருத்தந்தை 22-ஆம் அருளப்பர் நிறுவிய, இந்தியாவின் முதல் இலத்தீன் மறைமாவட்டம்.

இறைவன் திறந்த இவ்வாசலில் மனிதர் கதவு போட்டனர். கிழக்கே ஆங்கிலேயர் சீமை, மேற்கே திருவிதாங்கூர். செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. இடையே சுங்கச் சாவடிகள் இருந்தன. 1865-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் பெரும்பாலான சரக்குகளுக்கு அந்தச் சுங்கம் நீங்கியது. 1904-இல் மீட்டர்கேஜ் ரயில் மலையைக் கடந்தது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் இன்றும் சாலையோரம் நிற்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை நம் மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு புளியரைக்கு மேற்கே நகர்ந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், கோடுதான் நகர்ந்தது!

சாலையின் தகுதியும் மாறியது. மாநிலச் சாலையாக இருந்தது அந்தப் பெயரை இழந்து, திருமங்கலம்-கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 208 ஆயிற்று. 2010-இல் அந்த எண்ணும் போய் 744 என்றானது. அதே ஆண்டில் செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் ரயிலும் நின்றது. 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபோது வணிகவரிச் சாவடிகளும் மூடப்பட்டன. இனித் தடையேதும் இல்லை என்று எண்ணினோம். ஆனால் 2020 மார்ச்சில், கொள்ளைநோயின் காலத்தில், புளியரையில் மீண்டும் வழி அடைக்கப்பட்டது. மலைக்கு அப்பால் பெண் கொடுத்தவர்களும், பிழைப்புக்குச் சென்றவர்களும் அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நின்றனர். நூற்றாண்டுகளாகத் திறந்த கதவு ஒரே இரவில் மூடக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. அரசுப் பதிவேட்டில் சாலைக்குப் பெயர் மாறலாம், எண் மாறலாம், அது கைவிடவும் படலாம். வழிப்போக்கன் மட்டும் மாறுவதில்லை. இரவெல்லாம் லாரி ஓட்டும் தொழிலாளியும், வடமாநிலத்திலிருந்து வேலை தேடி வந்திருக்கும் இளைஞனும், சீசனுக்கு வரும் பயணியும் இன்று நம் தெருவைக் கடந்து செல்கின்றனர். அவர்களில் எத்தனை பேருக்கு நம் ஆலயக் கதவு திறந்திருக்கிறது? எத்தனை பேரிடம் ஊரும் பேரும் கேட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கிறோம்?

எம்மாவு செல்லும் வழியில் சீடர்கள் உடன் நடந்த அந்நியரை அறியவில்லை. பொழுது சாய்ந்தது என்று அவரை வீட்டிற்குள் அழைத்ததால்தான், அப்பம் பிட்கையில் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கும் அத்தகைய வீடாக விளங்க, வழித்துணையான அன்னை மரியாள் நமக்காக மன்றாடுவாராக!