டோக்கியோ சுரங்க ரயில் நச்சுத் தாக்குதல்: மீட்புப் பணி

ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவில் 1995 மார்ச் 20 காலையில், ஓம் ஷின்ரிக்கியோ என்னும் மதக்குழுவினர் ஐந்து சுரங்க ரயில் வண்டிகளில் சாரின் என்னும் நரம்பு நச்சைப் பரப்பியபோது, முதலில் விரைந்த தீயணைப்புப் படையினர் அது இன்ன வஸ்து என்று அறியாராயினர். பரிசோதனையில் அது அசிட்டோநைட்ரைல் என்று தவறாகத் தெரியவர, சாரின்தான் என்பதைப் போலீஸ் இலாகா ஊர்ஜிதம் செய்வதற்குள் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது. தக்க கவசமின்றியே பலர் கீழிறங்கி, மூர்ச்சித்துக் கிடந்தோரைச் சுமந்து வந்த தைரியம் வந்தனைக்குரியது. ஆயினும், பாதிக்கப்பட்டோரின் ஆடைகளில் ஊறியிருந்த நஞ்சு ஆவியாகி, பணியாற்றிய 1,364 பேரில் 135 பேரைத் தாக்கிற்று. செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று வந்த 640 பேரில் பெரும்பாலோர், ஆடை களைந்து உடல் கழுவப்பெறாமல், நடந்தும் டாக்சியிலும் நேரே வந்தவர்களாதலால், சிகிச்சை செய்த டாக்டர்களும் தாதியரும்கூடக் கண் மங்கித் துன்புற்றனர். இரண்டு நாட்களுக்குப் பின் அம்மதக்குழுவின் ஆசிரமத்தைச் சோதனையிட்ட போலீஸார் முகமூடியுடன், காற்றின் நஞ்சை முன்னுணர்த்தும் கானரிப் பறவைகளையும் கொண்டு சென்றனர். எல்லை வகுத்து, ஆடை நீக்கி, நீராட்டிய பின்னரே மருத்துவமனைக்கு அனுப்புதல் என்ற கிரமம் தாக்குதல் நடந்த அன்று அனுஷ்டிக்கப்பட்டிருப்பின், மீட்கச் சென்றோரிற் பலர் இத்துன்பத்துக்கு ஆளாகியிரார்.