ஆறேகால் சென்ட் நிலம்

1940ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு இல்லத்தரசிகளைப் பெரிதும் தவிக்க வைத்த பொருள்களுள் வெங்காயமும் ஒன்று. அதுவரை அந்நாடு தனக்கு வேண்டிய வெங்காயத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே தருவித்து வந்தது. பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையும் சானல் தீவுகளும் அதற்கு முக்கிய ஊற்றுகள். அவ்வாண்டுக் கோடையில் அவ்விரண்டும் ஜெர்மானியப் படைகளின் வசமாயின. பின்னர், குலுக்கல் சீட்டில் பரிசாக வைக்கும் அளவுக்கு வெங்காயம் அரிதாயிற்று. வெங்காய விலை ஏறும்போதெல்லாம் முணுமுணுக்கும் நமக்கு அத்தவிப்பு ஓரளவு விளங்கும்.

போர் மூண்ட மறுமாதமே, அதாவது 1939 அக்டோபரில், 'வெற்றிக்காக மண்ணைக் கொத்துவோம்' என்னும் பொருள்படும் இயக்கத்தை அந்நாட்டு அரசு தொடங்கிவிட்டது. கப்பலில் காய்கறி வந்தால் ஆயுதம் வர இடமிராது. ஆகவே வேண்டியதை வீட்டாரே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. 1940 ஜனவரியில் பன்றி இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. காய்கறிக்குப் பங்கீடு இல்லை. விளைவித்தவர் வயிறார உண்ணலாம். இலண்டன் கோட்டையின் அகழியிலும் காய்கறிப் பாத்திகள் தோன்றின. மிடில்டன் என்பவர் ஞாயிறுதோறும் வானொலியில் விதைப்பும் உரமும் பற்றி அமைதியான குரலில் பேசியதை நாடே கேட்டது.

இவ்வரலாற்றைப் படித்தபோது பழைய நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வந்தது. வீட்டுத் தோட்டம் போட்டால் கறிகாய்ச் செலவு மிஞ்சும் என்று ஒருமுறை மறையுரையில் கூறினேன். வாடகை வீட்டில் குடியிருக்கும் அம்மா ஒருவர் பூசை முடிந்ததும் வந்து, "மண் எங்கே சாமி?" என்றார். என்னிடம் விடையில்லை.

இங்கிலாந்துக்கும் அதே கேள்விதான். வரிசை வீடுகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளிக்குக் கொல்லை ஏது? ஆயினும் அங்கே நூறாண்டுகளாய் உருவாகி வந்த விடையொன்று இருந்தது. அது தோன்றிய கதை அத்துணை இனிமையானதன்று. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயல்களும் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. மாடு மேய்த்த இடமும் விறகு பொறுக்கிய காடும் பறிபோக, உழைப்பாளி வெறும் கூலிக்காரனானான். 1830இல் கூலிகள் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தபின்னரே நிலக்கிழார் பலர் அஞ்சித் துண்டு நிலங்களை வாடகைக்கு விட முன்வந்தனர். பண்ணையாளர்களோ, கூலிக்காரன் தன் பாத்திக்கென வலிமையைச் சேமித்துக்கொள்வான், விதை தானியத்தைத் திருடுவான் என்று எதிர்த்தார்கள்.

ஆங்கிலிக்கன் குருக்கள் பலரும் கோயில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தனர். நற்செயலே. ஆனால் பல இடங்களில் நிபந்தனையும் இருந்தது: ஞாயிறன்று பாத்தியில் கைவைக்கலாகாது, வழிபாட்டுக்குத் தவறாது வரவேண்டும், தவறினால் நிலம் போகும். உருளைக்கிழங்கைக் காட்டி ஆலயத்தை நிரப்பிய இச்செய்கையைக் குருவாகிய நான் கூச்சமின்றி வாசிக்க முடியவில்லை.

தயவாகக் கிடைத்தது உரிமையாக மாறியது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தால். வாக்காளர் அல்லது வரி செலுத்துவோர் அறுவர் சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் அதைக் கருத்தில் கொண்டே ஆகவேண்டும். தேவை இருப்பின் நிலம் தரவேண்டும். வழக்கமான துண்டின் அளவு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். குடும்பம் உண்பதற்கே அது, வணிகத்துக்கன்று.

இந்த ஏற்பாடு முன்னரே இருந்ததால்தான் 1939இல் அரசின் அழைப்பு வெறும் சுவரொட்டியாக நின்றுவிடவில்லை. தரிசாய்க் கிடந்த நிலங்களை எடுத்துத் தோட்டத்துக்கு வழங்க மன்றங்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சமாயிருந்த துண்டுகள் 1943க்குள் பதினான்கு இலட்சமாயின. கொத்தத் தெரியாத எழுத்தர்களும் கொத்தினார்கள். முதல் ஆண்டு முட்டைக்கோசைப் புழுக்கள் தின்றிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போர் முடிந்தது. பங்கீடு முற்றாக நீங்க 1954 வரை ஆயிற்று. பூங்காக்கள் மீண்டும் புல்வெளியாயின. பல தோட்டங்கள் மேல் வீடுகள் எழுந்தன. எனினும் தோட்டத்துக்கென மன்றம் வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி விற்கக் கூடாதென 1925இல் இயற்றிய விதியும், ஆறு கையொப்ப விதியும் அங்கே இன்றும் நடைமுறையில் உள்ளன.