முனிர்காவும் நாமும்

தில்லி மாநகரில் "சொந்த ஊர் எது?" என்று வினவினால், "தில்லியே" என்று விடையளிப்போர் மிகச் சிலர். இந்நகரின் வரலாறே வந்தேறியோரின் வரலாறு. ஆண்டு விழாவில் ஒன்றுகூடும் இவ்வேளையில், அவ்வரிசையில் நமது இடம் யாது எனச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1911 டிசம்பர் 12-ஆம் நாள், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அன்று தில்லியின் மக்கள் தொகை 4 இலட்சத்துச் சொச்சமே. 1931-இல் புது தில்லி திறக்கப்பட்டது. ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்ற சென்னை மாகாணத்து இளைஞர்கள் குமாஸ்தாக்களாக வந்தனர். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி எனக் கோப்புகளோடு அவர்களும் இடம் மாறினர். கரோல் பாக் முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. 1923-இல் கல்விக் கழகமும், 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றின.

1947-இல் நாடு பிளவுண்டது. மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வெள்ளமெனப் புகுந்தனர். முஸ்லிம்கள் பல இலட்சம் பேர் வெளியேறினர். 1941-இல் 9 இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1951-இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. தில்லியின் பேச்சும் உணவும் பஞ்சாபியச் சாயல் பெற்றது அதன் பின்னரே.

முனிர்கா அக்காலத்தில் ஜாட் உழவர்களின் கிராமம். இராமகிருஷ்ணபுரத்துக்கும், வசந்த விகாருக்கும், 1969-இல் தோன்றிய ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கும் அவர்தம் வயல்கள் சென்றன. ஏர் பிடித்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்களாயினர். அருகில் வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகள் எழுந்தன. நாமும் வந்து சேர்ந்தோம். 1973-இல் மலை மந்திர் குடமுழுக்குக் கண்டது. 1976-இல் தமிழ்நாடு விரைவு வண்டி ஓடத் தொடங்கியது; இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு அது தனிப் பெருமை.

ஆனால் தமிழர் அனைவரும் கோப்புடன் வந்தவரல்லர். வீட்டு வேலைக்கும் கூலிக்கும் வந்தோர் ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் 'மதராசி கேம்ப்' அமைத்து வாழ்ந்தனர். நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களுள் 189 மட்டுமே மாற்றுவீட்டுக்குத் தகுதி பெற்றன; அதுவும் தொலைவிலுள்ள நரேலாவில். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கியவரும் அவருள் இருந்திருக்கலாம். அவர்க்காக நாம் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

2001-இல் தில்லியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 92 ஆயிரத்துச் சொச்சம். 2011-இல் 82 ஆயிரத்துச் சொச்சம். மாநகர் பெருகியது, நாம் குறைந்தோம். ஓய்வுபெற்றோர் ஊர் திரும்பினர். இளைஞரைச் சென்னையும் பெங்களூரும் ஈர்த்தன. எஞ்சிய வீடுகளில் குழந்தைகள் தாய்க்குத் தமிழில் அல்லாது இந்தியில் மறுமொழி கூறுகின்றனர்.

இன்று முனிர்காவின் சந்துகளில் மணிப்புரி, நாகா, மலையாளி, பீகாரி மாணவர்கள் வாடகைக்கு அறை தேடி அலைகின்றனர். அவர்தம் முகத்தையும் உணவையும் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். "மதராசி" என்னும் ஏளனச் சொல்லை நம் தந்தையரும் கேட்டவரே. அதை மறந்து நாமும் சுளிப்போமாயின், வரலாற்றை நாம் கற்றதாகாது.

வீட்டில் தமிழ் பேசுவோம். வாசலில் வந்தவரை வரவேற்போம். வடிகாலோரத்துத் தமிழரையும் அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்போம். வாழ்க தமிழ்!