தூதரகச் செலவும் ஆளணியும்: சிக்கனம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தூதரகங்களை ஒரு நாட்டின் கௌரவச் சின்னங்களாக நோக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. உண்மையில் அவை மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அரச அலுவலகங்களாகும். ஆகவே, அவற்றுக்கு எவ்வளவு செலவாகின்றது, அங்கு யார் பணியாற்றுகின்றனர் என்பன மக்கள் கேட்டறிய வேண்டிய விடயங்களே.

இலங்கையின் வெளிநாட்டுச் சேவை 1949ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகும் உத்தியோகத்தர்கள் அதன் நிரந்தர ஆளணியினராவர். 1977 வரை வெளிவிவகாரம் பிரதமரின் பொறுப்பிலேயே இருந்தது. அவ்வாண்டு அது தனி அமைச்சாக்கப்பட்டபோது ஏ.சீ.எஸ். ஹமீட் அதன் முதலாவது அமைச்சரானார்.

ஏனைய அமைச்சுகளைப் போன்றே இதற்குரிய நிதியும் பாராளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டத்தினூடாகக் கிடைக்கின்றது. ஆனால், ஒதுக்கீடு ரூபாவில் செய்யப்பட, கட்டட வாடகையும் உத்தியோகத்தர் கொடுப்பனவுகளும் அந்நியச் செலாவணியில் செலுத்தப்படுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, மே மாதமளவில் சுமார் 360 ரூபாவாகியது. ஒரு டொலர்கூட மேலதிகமாகச் செலவிடாத தூதரகத்தின் ரூபாச் செலவும் இதனால் ஏறக்குறைய 80 வீதம் உயர்ந்தது.

இந்நெருக்கடியின் மத்தியில் நைஜீரியாவிலுள்ள உயர் ஸ்தானிகராலயத்தையும் பிராங்பேர்ட், நிக்கோசியா துணைத் தூதரகங்களையும் மூடும் முடிவு 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் ஒஸ்லோ, பாக்தாத் தூதரகங்களும் சிட்னி துணைத் தூதரகமும் அப்பட்டியலில் சேர்ந்தன. திறைசேரியில் டொலர் இல்லாத வேளையில் இது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். எனினும், எத்தனை தூதரகங்கள் உள்ளன என்பதை விட, இருப்பவற்றில் யார் என்ன பணி செய்கின்றனர் என்பதே முக்கியமான கேள்வியாகும்.

கடவுச்சீட்டு வழங்குதல், பிறப்பைப் பதிதல், தடுத்து வைக்கப்பட்டோரைச் சந்தித்தல் முதலியன 1963ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம் ஏற்றுக்கொண்ட துணைத் தூதரகப் பணிகளாகும். இலங்கைத் தொழிலாளர் பெருமளவில் வாழும் மத்திய கிழக்கிலேயே இப்பணிகளின் சுமை அதிகம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவில் கைதானார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. முதல் விசாரணையில் அவருக்காகச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகைமை பற்றியும் பின்னர் கேள்வி எழுந்தது. தமிழும் அரபும் அறிந்த ஓர் உத்தியோகத்தர் ஆரம்பத்திலேயே அருகில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால், அவர் சொன்னது சொன்னபடி பதிவாக வழி பிறந்திருக்கும்.

இத்தகைய தேவைகள் இருக்க, தூதுவர் பதவிகள் ஆட்சியாளரின் நெருங்கியோருக்கான வெகுமதிகளாக நீண்டகாலம் வழங்கப்பட்டு வந்துள்ளன. 2024ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின்னர் அவ்வாறு நியமனம் பெற்ற பலர் திருப்பி அழைக்கப்பட்டனர். அது வரவேற்கத்தக்கது, ஆனால் போதுமானதன்று.

வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வெளிநாட்டமைச்சுக்கான செலவுத் தலைப்பு எடுத்துக்கொள்ளப்படும்போது, ஒவ்வொரு தூதரகமும் கையாளும் முறைப்பாடுகள் எத்தனை, அங்கு தமிழ் பேசும் உத்தியோகத்தர் எத்தனை பேர் என்பவற்றை எமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும். சிக்கனம் அலங்காரப் பதவிகளிலிருந்து தொடங்கட்டும். தொழிலாளியின் முறைப்பாட்டைக் கேட்கும் மேசையிலிருந்து அல்ல.