எதிராளியின் இருமல்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் கேரம் ஆடுகிறவர்களுக்கு ஒரு விநோதமான இருமல் உண்டு. டீ குடிக்கும்போது வராது, பீடி பிடிக்கும்போதும் வராது. எதிராளி ரெட்டைக் குறிபார்த்து ஸ்ட்ரைக்கரில் விரலை வைக்கிற நொடியில்தான் வரும். இருமல் வராதவர்களுக்கு வேறு உபாதைகள். சட்டையை உதறுவார்கள். பலகையின் ஓரத்தில் முழங்கையை லேசாக ஊன்றுவார்கள். "மாப்ள, ஃபாலோ இருக்கான்னு பாத்துக்க, நான் ஒண்ணும் சொல்லல" என்று அக்கறையாக எச்சரிப்பார்கள். சம்பா அறுப்பு முடிந்து, ஜூன் மாதம் மேட்டூர் திறக்கிறவரை வயல் சும்மா கிடக்கும் அந்தக் கோடை மாதங்களில், டெல்டாவின் நற்பணி மன்றங்களில் இந்தக் கலை உச்சத்தில் இருக்கும்.

இப்போது தஞ்சாவூரில் பூல் டேபிள் போட்ட இடங்களுக்குப் போனாலும் அதே இருமலைக் கேட்கிறேன். மேஜை மாறியிருக்கிறது, கோல் மாறியிருக்கிறது, தொண்டை அதேதான். பூல் ஆடும் உலகம் இதற்கு 'ஷார்க்கிங்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறது. எதிராளி அடிக்கும்போது பார்வைக்கோட்டில் நிற்பது, நகர்வது, பேசுவது, சாவியைக் குலுக்குவது எல்லாம் இதில் அடக்கம்.

இதைத் தப்பு என்று யார், எப்போது, ஏன் சொன்னார்கள்? தேடிப் போனால் பாதை நம்ம ஊர் மலைக்கே வருகிறது.

1875இல் ஜபல்பூரில் ஒரு ராணுவ மெஸ். மழைக்காலம், பொழுது போகவில்லை. நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது அதிகாரி, ஏற்கெனவே இருந்த பில்லியர்ட்ஸ் மேஜை ஆட்டத்தில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்க்கிறார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) ராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலியாகக் கூப்பிடுவது வழக்கம். கூட ஆடியவர் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட்டபோது சேம்பர்லின் அவரை அப்படிக் கூப்பிட்டார். அவர் மனம் சங்கடப்படக்கூடாது என்று உடனே, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாதானமும் சொன்னார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. 1938இல் சேம்பர்லினே இதை எழுதி வைத்தார்.

1880களின் தொடக்கத்தில் அவர் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் பணியாற்றினார். கோடைக்கு ஊட்டி. அங்கே கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. உலகம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற ஆட்டத்தின் சட்டம் நீலகிரியில் எழுதப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம் அந்தக் கேலிதான். இன்று மிகக் கறாரான மௌனத்தைக் கேட்கிற ஆட்டம், பெயரை ஒரு நையாண்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கேலி எப்போது வந்தது என்று பாருங்கள். அடித்து முடித்த பிறகு. அடிக்கும்போது அல்ல. கூடவே ஒரு சமாதானமும் வந்தது. ஆட்ட மரியாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நேர வித்தியாசம்தான்.

இன்னொன்று. ஸ்னூக்கர் எதிராளிக்குத் தொல்லை கொடுப்பதைத் தடைசெய்யவே இல்லை. தொல்லை கொடுப்பதுதான் அதன் பாதி ஆட்டம். எதிராளி அடிக்கவேண்டிய பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் அதற்குப் பெயரே ஸ்னூக்கர். அவர் தவறினால் உங்களுக்குக் குறைந்தது 4 புள்ளி, அதிகபட்சம் 7. எத்தனை குரூரமாக வேண்டுமானாலும் மறைக்கலாம், ஆனால் பந்தால் மறைக்க வேண்டும். உடம்பால் மறைக்கக்கூடாது. மறுஆட்டக்காரர் அடிப்பவரின் பார்வைக்கோட்டில் நிற்கவோ நகரவோ கூடாது, தள்ளி இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. துணிக்கு மேலே எல்லாத் தந்திரமும் சரி. துணிக்கு வெளியே எதுவும் கிடையாது.

இந்த மௌனம் எல்லா ஆட்டத்திலும் பிறக்கும்போதே இருந்ததில்லை. 1561இல் ஸ்பெயினின் பாதிரியார் ரூய் லோபஸ் எழுதிய சதுரங்க நூலில், எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வைக்கச் சொல்லி யோசனை உண்டு. 1978இல் பாகியோவில் கார்ப்போவும் கொர்ச்னோயும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, கார்ப்போவ் தரப்பு ஒரு மனோதத்துவ நிபுணரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துக் கொர்ச்னோயை முறைக்கவிட்டது. கொர்ச்னோய் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிக்கிற கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு வந்த ஒரு கப் தயிர்கூடப் புகாருக்கு உள்ளானது. நம்ம மன்றத்து இருமல் இதற்குப் பக்கத்தில் குழந்தை.

இந்த வரிசையில் டெல்டாக்காரர் ஒருவரும் இருக்கிறார். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். 1995இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில், 107ஆவது மாடியில், காஸ்பரோவுடன் பட்டப்போட்டி. முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில், வீட்டிலேயே தயாரித்து வந்த நகர்வுகளை வேகவேகமாக வைத்துவிட்டு, காஸ்பரோவ் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கதவைப் படாரென்று சாத்தினார். அந்த ஆட்டம் ஆனந்துக்குத் தோல்வி. போட்டி கடைசியில் 10½–7½ என்று முடிந்தது. கதவால் மட்டும் தோற்றார் என்று சொல்வது காஸ்பரோவின் தயாரிப்புக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கதவும் ஆடியது என்பதை மறுக்க முடியாது. எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யவோ எரிச்சலூட்டவோ கூடாது என்று ஃபிடே விதி சொல்கிறது. அளவுக்கு மீறி டிரா கேட்பதுகூட அதில் சேர்த்தி.

கேரமுக்கு வருவோம். அதன் சர்வதேசச் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது; சந்துக்குச் சந்து வேறாக இருந்த ஆட்டத்துக்கு முறையான விதிகள் அப்போது வந்தன. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991, 1995 இரண்டிலும் உலக சாம்பியன். 1996இல் அர்ஜுனா விருது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையின் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். நீலகிரி கிளப்பில் பிறந்த மௌனம் இவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து வெள்ளைக்கார கிளப்புகளில் இந்தியர் பெரும்பாலும் உறுப்பினராக முடியாது. பில்லியர்ட்ஸ் அறையில் அவருக்கு இருந்த இடம் மார்க்கருடையது: பந்தை எடுத்து வைப்பவர், எண்ணிக்கை சொல்பவர். கனவான்களின் மரியாதை கனவான்களுக்குள் மட்டும்தான். அப்படியானால் இந்த ஒழுங்கை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

எனக்குப் பதில் கும்பகோணம் பக்கத்து மன்றம் ஒன்றில் கிடைத்தது. ஊரின் வடக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் காய் தானாகக் குழியைத் தேடிப்போகும். இருமல், தும்மல், சட்டை உதறல் எதுவும் அவனிடம் பலிக்கவில்லை. ஒருநாள் அவன் கடைசிக் காய்க்குக் குனிந்தபோது, எதிரே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ எந்தத் தெரு?"

அவர் அறியாதது இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். பையனின் விரல் நின்றுவிட்டது.

பலகையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் கத்தவில்லை. ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பலகைக்கு வெளிய இருக்கறத உள்ள கொண்டாராதீங்க. கேட்டது கேட்டாச்சு, காய் அவனுக்கு" என்றார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. எந்த விதிப்புத்தகத்தையும் அவர் படித்ததில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ஓர் அரசகுமாரியை, சிவன் ஒரு கிழவராக வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். கடவுளாகவே வந்து நின்றிருந்தால் அவள் பயந்தே தோற்றிருப்பாள். யார் என்று தெரியாத கிழவராக வந்ததால் அவள் காயை மட்டும் பார்த்து ஆட முடிந்தது. நான் அந்தக் கதையை அப்படித்தான் வாசிக்கிறேன்.

எதிராளியைத் தொந்தரவு செய்யாதே என்பதை நாம் நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது சமத்துவம் சார்ந்த ஏற்பாடு. நம்ம ஊரில் ஒருவனுடைய தெரு, பேர், அப்பா, சம்பளம் எல்லாம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இருபத்தொன்பது அங்குலச் சதுரத்துக்குள் அவை நுழையாமல் சில நொடிகள் தடுக்க முடியுமானால், அந்த நொடிகளில் ஆடுகிறவன் வெறும் ஆட்டக்காரன். வெளியே நிறைய வைத்திருக்கிறவனுக்கு அந்த மௌனம் ஒரு மரியாதை. ஒன்றும் இல்லாதவனுக்கு அதுதான் ஆட்டமே.