ஃபிஜி தீவில் வந்த புத்தக வெள்ளம்

"கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடத்தைப் படி!" என்ற அதட்டலைக் கேட்காத பிள்ளைகள் குறைவு. ஆனால் அந்தக் கதைப் புத்தகத்தாலேயே ஆங்கிலப் பாடம் நடத்திக் காட்டிய நாடு ஒன்று உண்டு. அதுதான் பசிபிக் கடலில் உள்ள ஃபிஜி.

1970ல் விடுதலை பெற்ற நாடு அது. கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசியது ஃபிஜி மொழி அல்லது இந்தி. (கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு.) முதல் மூன்று வகுப்புகளில் ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும்தான். நான்காம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில்! அங்கே தடுமாறினால் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே போய்விடும். சொல்லிக்கொடுத்த முறையோ, ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல வகுப்பே திரும்பச் சொல்வது. வாசிக்கப் புத்தகங்கள் மிகக் குறைவு.

1980ல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 8 கிராமப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். மாணவர்கள் 380 பேர். அதனால்தான் இதற்குப் 'புத்தக வெள்ளம்' என்று பெயர்.

சில வகுப்புகளில் மாணவர்கள் தாங்களாகவே மௌனமாக வாசித்தார்கள். மற்றவற்றில் கூட்டு வாசிப்பு. நியூசிலாந்தின் டான் ஹோல்டவே உருவாக்கிய முறை இது. ஆசிரியர் படத்தைக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டு, கதையைப் படித்துக் காட்டுவார். மறுபடி படிக்கும்போது பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். பிறகு நடிப்பது, வரைவது, எழுதுவது. ஒப்பிடுவதற்காக வேறு 4 பள்ளிகளின் 234 மாணவர்கள் பழைய முறையிலேயே படித்தார்கள்.

எட்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது, கதை படித்தவர்கள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். 20 மாதங்களில் அந்த முன்னேற்றம் மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியது.

காரணம் எளிது. வெறும் வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும் பிள்ளைக்கு அதன் பொருள் தேவைப்படுவதில்லை. கதையில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தெரிய வேண்டுமானால் பொருள் புரிந்தே ஆக வேண்டும்.

1985ல் சிங்கப்பூரும் இதே வழியில் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சீனம், மலாய், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தைச் சுற்றி அமர்ந்து ஆங்கிலம் கற்றார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபிஜியில் புத்தகங்களைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. 16 ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். பூட்டிய அலமாரியில் 250 புத்தகங்கள் இருந்து என்ன பயன்?