முதல் கைத்துப்பாக்கி: ஒரு அமெரிக்க வியாபாரத்தின் கதை

1904-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. இரவு உடையில் ஒரு சின்னப் பெண் கட்டிலில் இருக்கிறாள். பக்கத்தில் பொம்மை. கையில்... ரிவால்வர்! "இது நம்மை ஒன்றும் செய்யாதுன்னு அப்பா சொன்னார்" என்று அவள் சொல்வதாகப் படத்தோடு ஒரு வரி. ஐவர் ஜான்சன் என்ற மாசசூசெட்ஸ் கம்பெனியின் விளம்பரம் அது. இன்றைக்கு இதைப் பார்ப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அன்றைக்கு இது சாதாரணக் குடும்ப விளம்பரம், சோப்பு விளம்பரம் மாதிரி.

அந்த விளம்பரத்தை வரைந்தவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு வாடிக்கையாளரின் மனசு நன்றாகவே தெரிந்திருந்தது. வீட்டுப் பாதுகாப்புக்கென்று முதல் முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவனுக்கு இரண்டு பயம். ஒன்று, நடுராத்திரியில் ஜன்னல் வழியாக ஏறி வரும் திருடன். இன்னொன்று, பட்டப்பகலில் மேஜை இழுப்பறையைத் திறக்கும் சொந்தக் குழந்தை. முதல் பயத்துக்கு மருந்து, தோட்டா போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது. இரண்டாவது பயத்துக்கு மருந்து, தோட்டாவைக் கழற்றிப் பூட்டி வைப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. சுமார் 140 வருஷமாகத் துப்பாக்கிக் கம்பெனிகள் "எங்கள் மாடலில் இரண்டும் முடியும்" என்று சொல்லித்தான் விற்கின்றன.

கொஞ்சம் பின்னால் போவோம். சாமுவேல் கோல்ட் 1836-ல் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். நியூ ஜெர்சியில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842-ல் மூடப்பட்டது. மெக்சிகோ போருக்கு அரசாங்கம் கொடுத்த ஆர்டர்தான் அவரைக் காப்பாற்றியது. அந்த 1847 மாடலின் எடை சுமார் 2 கிலோ! குதிரைப்படைக்காரனுக்குச் சரி, தலையணைக்கு அடியில் வைக்கிற பொருள் அல்ல. 1857-ல் கோல்டின் காப்புரிமை முடிந்ததும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி சட்டைப் பையில் அடங்கும் ஏழு தோட்டா ரிவால்வர் ஒன்றை இறக்கியது. பின்பக்கமாகத் தோட்டா போடும் சிலிண்டருக்கான காப்புரிமை ரோலின் ஒயிட் என்பவருடையது. ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டி என்று ஒப்பந்தம். ஆனால் யாராவது காப்பியடித்தால் வழக்குச் செலவு ஒயிட்டின் தலையில்! வந்த ராயல்டியில் பெரும்பகுதி கோர்ட்டுக்கே போனது. (காமர்ஸ் மாணவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.)

அந்தக் காலத்து ரிவால்வர்களில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. பின்னால் இருக்கும் ஹேமர் என்ற சுத்தி, நேராகத் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கைதவறித் தரையில் விழுந்தால் சுத்தி அடிபட்டுத் தோட்டா வெடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுத்திக்கு நேரான ஒரு அறையைக் காலியாக விடுவார்கள். ஆறு தோட்டா துப்பாக்கியில் ஐந்துதான். ஆனால் முதல் முறையாக வாங்குகிறவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

1887-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியே சுத்தியே தெரியாத ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. கைப்பிடியின் பின்பக்கம் ஒரு நெம்புகோல். அதை அழுத்திப் பிடித்தால்தான் விசை வேலை செய்யும். எலுமிச்சம்பழம் பிழிவது போலப் பிடிக்க வேண்டியிருந்ததால் 'எலுமிச்சை பிழிவான்' என்றே பட்டப்பெயர் வந்தது. ஒரு குழந்தை துப்பாக்கியை எடுத்து விளையாடிக் காயப்பட்ட செய்தியைக் கேட்ட வெஸ்ஸன், சின்னக் கைகளால் இயக்க முடியாதபடி இதை வடிவமைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, விற்பனைக்கு நன்றாக உதவியது.

ஐவர் ஜான்சனின் வழி வேறு. சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புத் தண்டு. விசையை முழுசாக இழுக்கும்போது மட்டும் அது மேலே வந்து அடியைக் கடத்தும். மற்ற நேரத்தில் சுத்தியை எப்படி அடித்தாலும் தோட்டாவுக்கு அடி போகாது. "சுத்தியலால் சுத்தியை அடித்துப் பாருங்கள்" என்று விளம்பரத்தில் சவாலே விட்டார்கள். அருமையான பொறியியல், சந்தேகமில்லை. இன்றைய பல ரிவால்வர்களிலும் இதே தத்துவம்தான்.

ஏமாற்று எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கட்டில் படத்தில். கீழே விழுந்தால் வெடிக்காது என்பது உண்மை. ஆனால் படத்தில் இருக்கும் குழந்தை துப்பாக்கியைக் கீழே போடவில்லை, கையில் வைத்திருக்கிறது. விசையை இழுத்தால் அது வெடிக்கத்தான் செய்யும்! ஒரு உண்மையைச் சொல்லி வேறொரு பொய்யை நம்ப வைப்பது விளம்பரக் கலையின் பழைய வித்தை. அந்தத் துப்பாக்கி எவ்வளவு சுலபத்தில் கைக்கு வந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1901-ல் பஃபலோ நகரில் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டவன் கையில் இருந்தது இதே கம்பெனியின் ரிவால்வர்தான். விலை நாலரை டாலர்.

பிறகு பிஸ்டல்கள் வந்தன. சாவேஜ் கம்பெனியின் 1907 மாடலில் பத்துத் தோட்டா. திருடனுக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்கும் வீட்டுப் பெண்களை அந்த விளம்பரங்களில் பார்க்கலாம். பேட் மாஸ்டர்சன் என்ற பழைய மேற்கத்திய ஷெரீஃபைக் கொண்டு ஒரு சிறு புத்தகமே எழுத வைத்தார்கள். புதியவர்கள்கூடக் குறி தவறாமல் சுடலாம் என்பதே அதன் சாரம். பிரபலத்தை வைத்து விற்பது ஒன்றும் புதுசு இல்லை.

சட்டங்களின் கதை ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை. 1911-ல் நியூயார்க் மாநிலம் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. 1927-ல் தபாலில் கைத்துப்பாக்கி அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. ஆனால் தடை அரசுத் தபாலுக்குத்தான், தனியார் பார்சல் கம்பெனிகளுக்கு இல்லை! 1963-ல் கென்னடி கொல்லப்பட்ட அன்று லீ ஆஸ்வால்ட் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்ற ரிவால்வர் இப்படித் தபால் ஆர்டரில் வாங்கியதுதான். 1968 சட்டம் இந்த வழியை அடைத்தது. கூடவே வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான குட்டித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. உள்நாட்டில் அதையே தயாரிக்கத் தடை? இல்லை. விளைவு, 1970-லிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த மலிவு பிஸ்டல்கள். பணக்கார வீட்டுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஏழை வீட்டுக்கு இவை.

இதில் பிரைகோ பிஸ்டல் ஒன்றின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாடலில் தோட்டாவைக் கழற்ற வேண்டுமானால் முதலில் சேஃப்டியை எடுத்துவிட வேண்டும். அதாவது, துப்பாக்கியை ஆபத்தில்லாததாக ஆக்குவதற்கு முதல் படி அதை ஆபத்தானதாக ஆக்குவது! 1994-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் குடும்ப நண்பர் ஒருவர் பாதுகாப்புக்காகத்தான் தோட்டாவைக் கழற்ற முயன்றார். குண்டு பாய்ந்து 7 வயதுப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2003-ல் ஜூரி, கம்பெனித் தரப்பு சுமார் 2.4 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. கம்பெனி திவால் மனு போட்டது. 2004-ல் அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, அந்தப் பையன் தரப்பில் நிதி திரட்டி, வாங்கி அழித்துவிடலாம் என்று 5,05,000 டாலருக்குக் கேட்டார்கள். 5,10,000 டாலருக்குக் கேட்டு எடுத்துக்கொண்டவர் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த முன்னாள் ஊழியர். உற்பத்தி வேறு பெயரில் தொடர்ந்தது.

இப்படி ஒரு பொருளைக் கடைக்கு அனுப்ப எப்படி விட்டார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷன் என்று ஒன்று 1972-லேயே அமைக்கப்பட்டது. பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அது திரும்பப் பெறச் சொல்லலாம். நிஜத் துப்பாக்கி அதன் வரம்பிலேயே இல்லை!

இதற்கிடையே மருத்துவர்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டிலேயே அந்தத் துப்பாக்கியால் நடந்த 398 சாவுகளை ஆர்தர் கெல்லர்மனும் டொனால்ட் ரேயும் ஆராய்ந்தார்கள். 333 தற்கொலை. 41 கொலை. 12 விபத்து. தற்காப்புக்காகச் சுட்டது 9. இந்த ஒன்பதிலும் அத்துமீறி நுழைந்த அந்நியர்கள் 2 பேர்தான். 1986-ல் கட்டுரை வெளியானதும் பெரிய சண்டை. "சுடாமல், காட்டியே திருடனை விரட்டிய கணக்கு எங்கே?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். 1995-ல் கேரி கிளெக் என்ற குற்றவியல் பேராசிரியர் தொலைபேசிக் கருத்துக்கணிப்பு நடத்தி, வருஷத்துக்கு 25 லட்சம் தற்காப்புச் சம்பவங்கள் என்றார். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்போ இதில் மிகச் சிறிய பங்கைத்தான் காட்டியது. இரு தரப்பும் இன்றுவரை இறங்கி வரவில்லை. ஆனால் 333 என்ற எண்ணுக்கு மட்டும் யாரிடமும் சரியான பதில் இல்லை. திருடனுக்கு என்று வாங்கியது, வீட்டிலேயே யாரோ ஒருவரின் மோசமான ஒரு ராத்திரிக்காகக் காத்திருந்தது.

இந்தச் சண்டை நடக்கும்போதே, 1992-ல் கோல்ட் கம்பெனி ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. குழந்தையைப் படுக்க வைக்கும் அம்மா, கீழே இரண்டு பிஸ்டல்கள். தற்காப்பு உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் கூட என்று வாசகம். மறுபடியும் அதே குழந்தை, அதே கட்டில்! ஒரே வித்தியாசம், துப்பாக்கி இப்போது குழந்தையின் கையில் இல்லை.

பூட்டு வைத்து விற்றால் என்ன என்று ஒரு கம்பெனி யோசித்ததும் உண்டு. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் பூட்டு, குழந்தை இயக்க முடியாத வடிவமைப்பு, கடைக்காரர்களுக்குக் கட்டுப்பாடு என்று பல அம்சங்கள். துப்பாக்கிப் பிரியர்கள் கொதித்தார்கள். கடைகள் சரக்கு எடுக்க மறுத்தன, வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள். 1987-ல் 11 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து இந்தக் கம்பெனியை வாங்கியிருந்த டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், 2001-ல் வெறும் 1.5 கோடி டாலருக்கு (கடன்கள் தனி) விற்றுவிட்டு நடையைக் கட்டியது. வாங்கியது யார் தெரியுமா? துப்பாக்கிக்குப் பூட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனி! ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றது. பாதுகாப்பை வலியுறுத்தினால் என்ன ஆகும் என்று மற்ற கம்பெனிகள் பாடம் படித்துக்கொண்டன.

2008-ல் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. வாஷிங்டன் நகரில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை. டிக் ஹெல்லர் என்ற காவலர், வேலை நேரத்தில் அரசுக் கட்டடத்தைத் துப்பாக்கியோடு காவல் காப்பார், வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. 5-க்கு 4 என்ற கணக்கில் தடை ரத்தானது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, வீட்டுக்குக் கைத்துப்பாக்கியே ஏன் வசதி என்று காரணங்களையும் அடுக்கினார். அவசரத்தில் எடுக்கத் தோதாக வைக்கலாம், எதிராளி பிடுங்குவது கடினம், கையில் பலம் குறைந்தவர்களும் தூக்கலாம், ஒரு கையால் திருடனைக் குறிபார்த்துக்கொண்டே மறு கையால் போலீஸுக்குப் போன் செய்யலாம். கடைச் சிப்பந்தி கவுண்டரில் சொல்ல வேண்டியதை நீதிபதி தீர்ப்பில் சொல்லிவிட்டார்.

2020-ல் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 2.6 கோடிப் பேரை 12 வருஷம் பின்தொடர்ந்த கணக்கு. அதில் 6.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள். துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வாங்காத ஆண்களைவிட வாங்கிய ஆண்களிடம் சுமார் 8 மடங்கு, பெண்களிடம் 35 மடங்கு. முதல் துப்பாக்கி வாங்கிய உடனே ஆபத்து உச்சத்தில் இருந்தது, ஆனால் பாதிக்கும் மேற்பட்ட சாவுகள் ஒரு வருஷத்துக்குப் பிறகு நடந்தவை. 2022-ல் அதே குழுவின் இன்னொரு கணக்கு, துப்பாக்கி வாங்காமல் வாங்கியவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பற்றியது. துணைவரின் கையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் அவர்களிடம் 7 மடங்கு அதிகம். அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள்.

விற்பனை குறையவில்லை. கொரோனா பயம், தெருக் கலவரம், தேர்தல் எல்லாம் சேர்ந்ததில், 2019 ஜனவரிக்கும் 2021 ஏப்ரலுக்கும் நடுவே சுமார் 75 லட்சம் அமெரிக்கர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் துப்பாக்கி உரிமையாளர்கள் ஆனார்கள். பாதிப் பேர் பெண்கள். இவர்களில் 54 லட்சம் பேரின் வீட்டில் அதற்கு முன் துப்பாக்கியே இருந்ததில்லை. அந்த வீடுகளில் அவர்களோடு சேர்ந்து வாழ்கிறவர்கள் 1.1 கோடிப் பேர், அதில் 50 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள்.